கராத்தே வகுப்பா, இரண்டு நாள் பயிற்சியா?

யாழ்ப்பாணத்தில் மகளைத் தற்காப்புப் பழக விட நினைக்கும் தாய்மாருக்கு இரண்டு வழி இருக்கிறது. கராத்தே என்றால் கறுப்புப் பட்டிக்குச் சில வருடங்கள் போகும். உடம்பும் துணிவும் உறுதிப்படும், ஆனால் ரியூசன் நேரத்தோடு முட்டும்.

சனசமூக நிலையத்தில் வைக்கும் இரண்டு நாள் பயிற்சி வேறு மாதிரி. மணிக்கட்டை ஒருவன் பிடித்தால் அவனுடைய பெருவிரல் பக்கமாகத் திருப்பி இழுக்க வேண்டும். பிடி பலவீனமான இடம் அதுதான். மினிபஸ்ஸில் உரசுபவனை எல்லோருக்கும் கேட்க அதட்டுவது, ஒழுங்கையில் யாராவது பின்தொடர்ந்தால் பக்கத்து வீட்டுப் படலைக்குள் சைக்கிளைத் திருப்புவது, 1938 என்ற பெண்கள் உதவி இலக்கத்தை மனப்பாடமாக்குவது எல்லாம் அம்மம்மாவும் பழகக் கூடியவை. திரும்பத் திரும்பச் செய்யாவிட்டால் கை மறந்துவிடும், அது பெரிய குறை.

என்னைக் கேட்டால் முதலில் இதுதான். மாதம் ஒருமுறை கூடிப் பழகுங்கள். பிள்ளைக்கு ஆசை வந்தால் பிறகு கராத்தே.