முன்சக்கர பேரிங்: இரண்டாவது முறை மாற்றி 32,000 கிலோமீட்டர் ஓடிய பிறகு

என்னுடையது 2008 சான்ட்ரோ, டி.என். 23 வண்டி. வீடு சத்துவாச்சாரி, வேலை ராணிப்பேட்டை. போக வர தினமும் நாற்பது கிலோமீட்டர் சொச்சம், அதில் பெரும்பகுதி ஆறுவழிச்சாலை. 2021 நவம்பரில் பாலாறு கரைபுரண்டபோது எங்கள் பக்கம் தேங்கிய தண்ணீரில் வேறு வழியில்லாமல் வண்டியை இறக்கினேன். பேரிங் என்பது இரண்டு வளையங்களுக்கு நடுவே குண்டுகள் உருண்டு சக்கரத்தைச் சுழலவிடும் பாகம். அதை மூடியிருக்கும் சீல் வழியாகத் தண்ணீர் உள்ளே போய் கிரீஸைக் கெடுத்தது அப்போதுதான் என்பது என் யூகம். சில மாதத்தில் முன்பக்கம் ஒரு ஊளை ஆரம்பித்தது. ஐம்பதைத் தாண்டினால் லேசாக வரும், எண்பதில் பாட்டே கேட்காது.

டயர் சத்தம் என்று ரொம்ப நாள் ஏமாந்தேன். டயர் என்றால் தார் ரோட்டுக்கும் சிமெண்ட் ரோட்டுக்கும் சத்தம் மாறும். இது மாறவில்லை. ஆனால் சாலை வலப்பக்கம் வளையும் இடங்களில் மட்டும் ஏறும், இடப்பக்கம் வளைந்தால் அடங்கும். வலப்பக்கம் திரும்பும்போது வண்டியின் பாரம் இடது சக்கரத்தின் மேல் சாய்கிறது. ஆகவே போனது இடது பேரிங். ஜாக்கி போட்டுச் சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் ஆட்டமே இல்லை. ஆட்டம் இல்லாததால் பேரிங் நல்லது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். ஒரு கையால் சக்கரத்தைச் சுற்றிவிட்டு, இன்னொரு கையைச் சஸ்பென்ஷன் சுருளின் மேல் வையுங்கள். எனக்கு அம்மியில் மணல் அரைபடுவது போல உள்ளங்கையில் நறநறவென்று தெரிந்தது.

முதல் முறை பக்கத்துப் பட்டறை ஒன்றில் கொடுத்தேன். மதியம் விட்டேன், மாலையே வண்டி வந்துவிட்டது. சத்தம் சுத்தமாக நின்றது, எனக்கும் சந்தோஷம். எட்டே மாதத்தில் அதே ஊளை.

புது பேரிங் எட்டு மாதத்தில் போனால் யாருக்கும் முதலில் டூப்ளிகேட் என்ற சந்தேகம்தான் வரும். எனக்கும் வந்தது. அடுத்த முறை காட்பாடி ரோட்டில், பேரிங்கை அழுத்தி இறக்கும் பிரஸ் இயந்திரம் வைத்திருக்கும் ஒரு பாயிடம் போய், கூடவே நின்றேன். பேரிங்கைத் தாங்கும் இரும்புக் கூடான நக்கிளைக் கழற்றி, சக்கரம் மாட்டும் நடுப்பாகமான ஹப்பைப் பிரித்தார். உள் வளையம் ஹப்பிலேயே ஒட்டிக்கொண்டு வந்தது. அதை கிரைண்டரில் பாதி அறுத்து, உளி வைத்து ஒரே தட்டு. டப்பென்று விரிந்து கழன்றது. வளையம் உட்கார்ந்திருந்த இடத்தைத் துணியால் துடைத்துவிட்டு, “சார், விரல் வெச்சுப் பாருங்க” என்றார். நகம் மாட்டுகிற அளவுக்கு ஒரு கீறல். போன தடவை கழற்றியவர் கிரைண்டரை ஆழமாக விட்டிருக்கிறார். “பேரிங்கு மேல தப்பு இல்ல சார். ஹப்பு தேஞ்சி கீது, அதான் உள்ள வளையம் புடிக்கல. மேல சுத்தியால அடிச்சும் இறக்கிகீறாங்க.”

கழற்றிய பேரிங்கைப் பிரித்துக் காட்டினார். குண்டுகள் ஓடும் பாதையில் சீரான இடைவெளியில் சின்னச் சின்னக் குழிகள். நக்கிளுக்குள் இறக்கும்போது வெளி வளையத்தில் மட்டும்தான் அழுத்தம் விழ வேண்டும். ஹப்பை ஏற்றும்போது உள் வளையத்துக்கு அடியில் முட்டுக் கொடுக்க வேண்டும். இதை மாற்றிச் செய்தால் பிரஸ்ஸின் டன் கணக்கான அழுத்தமோ சுத்தியல் அடியோ முழுக்க குண்டுகள் வழியாகப் போகும், ஓடாத பேரிங்கே குழி விழுந்துவிடும். என் வண்டிக்கு நடந்தது அதுதான். அதோடு, ஆக்சில் நட்டை முறுக்காமல் சக்கரத்தைத் தரையில் வைத்து உருட்டினாலும் பேரிங் கெடும் என்றார். அவர் நட்டை, அளவு பார்த்து முறுக்கும் டார்க் ரெஞ்சில் முறுக்கி, நட்டு கழலாமல் பிடிக்கும் பழைய ஸ்பிலிட் பின்னைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதிது போட்டார். முதல் பட்டறையில் இருந்ததெல்லாம் ஒரு நீளமான பைப்பும் இரண்டு பையன்களும்தான்.

செலவு: பேரிங் 1,150, புது ஹப் 1,400, பிரஸ் வேலையும் கூலியும் சேர்த்து 1,200. சஸ்பென்ஷனின் ஸ்ட்ரட் போல்ட்டைக் கழற்றியதால், சக்கரக் கோணத்தைச் சரிசெய்யும் அலைன்மென்ட் தனி. முதல் முறை ஆனதைவிட இரு மடங்கு. ஹப்பை மாற்றச் சொன்னபோது ‘இவர் தலையில் கட்டப் பார்க்கிறாரோ’ என்று எனக்கும் தோன்றியது, மறைக்கவில்லை.

மாற்றிய முதல் வாரம் சத்தம் முழுசாகப் போகவில்லை. பயந்தே போனேன். முன் டயர் ஏற்றத்தாழ்வாகத் தேய்ந்திருந்தது. அதைப் பின்னால் மாற்றியதும் சத்தமும் பின்னால் போனது. அதன் பிறகு இந்த 32,000 கிலோமீட்டரில் இடதுபக்கம் கப்சிப். ஐந்து பேரும் மூட்டை முடிச்சுமாக ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளிலும் ஏறி இறங்கியிருக்கிறது. ஆம்பூரில் பிரியாணிக்கு நிறுத்தும்போதெல்லாம் முன்சக்கரம் இரண்டின் நடுவிலும் புறங்கையை வைத்துப் பார்ப்பது பழக்கமாகிவிட்டது. இரண்டும் ஒரே சூடாக இருந்தால் சாப்பிடப் போவேன். வீட்டில் இதற்கு ஒரு கேலி உண்டு: “நாடி பார்த்தாச்சா?”

போன மாதம் வலது பக்கம் கொஞ்சம் கூடுதலாகச் சுட்டது. எழுபதில் மெல்லிய முனகலும் கேட்கிறது. அது கம்பெனியில் போட்டு வந்த முதல் பேரிங், அதே வெள்ளத்தண்ணீரில் நனைந்தது. புதியது வாங்கி டேஷ்போர்டு பெட்டியில் வைத்திருக்கிறேன். பாய் வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து வரச் சொல்லியிருக்கிறார்.