ஒரு பத்தியில் அடங்கிய நீதிபதி: அமெரிக்க காங்கிரஸின் வாழ்க்கைக் குறிப்புத் தளம்

1774 முதல் அமெரிக்க காங்கிரஸில் உறுப்பினராக இருந்தவர்களின் வாழ்க்கைக் குறிப்புகளை, அந்த அவையே நடத்தும் இணையதளம் ஒன்று கட்டணமின்றித் தருகிறது. பெயர், மாநிலம், கட்சி என எதைக் கொண்டு தேடினாலும் உரிய பக்கம் சிரமமில்லாமல் கிடைக்கிறது. அதன் தரத்தை எடைபோட, நியூயார்க் மாநில அரசியல்வாதி வில்லியம் ஹென்றி ராபர்ட்சன் (1823–1898) பற்றிய பதிவை எடுத்துக்கொண்டேன்.

பதிவு முழுவதும் அரைப்புள்ளிகளால் கோத்த ஒற்றைப் பத்தியாக இருக்கிறது. பெட்ஃபோர்டில் பிறந்தது, 1847இல் வழக்கறிஞரானது, வெஸ்ட்செஸ்டர் கவுண்டி நீதிபதியாக 12 ஆண்டுகள் இருந்தது, 1881 முதல் 1885 வரை நியூயார்க் துறைமுகச் சுங்க கலெக்டராகப் பணியாற்றியது எல்லாம் வரிசையாக வருகின்றன. ஆண்டுகளில் பிழை காணவில்லை. காங்கிரஸில் அவர் இருந்ததோ 1867–69 என இரண்டே ஆண்டுகள். அவரை இத்தளத்தில் ஏற்றியது அந்தச் சிறு காலம்தான் என்பது வேடிக்கை. அப்போது அதிபர் ஆண்ட்ரூ ஜான்சன் மீது பிரதிநிதிகள் அவை குற்றச்சாட்டுத் தீர்மானம் நிறைவேற்றியதே, அதில் இவர் எப்பக்கம் நின்றார் என்று பதிவு சொல்லவில்லை.

அதைவிடப் பெரிய குறை, சுங்கப் பதவியை ஒரு துணுக்கு வரியில் கடந்துவிடுவது. அரசின் வருவாயில் பெரும்பங்கு சுங்க வரியாகவும், அதில் பெரும்பகுதி நியூயார்க்கிலும் வசூலான காலம் அது. அச்சுங்க அலுவலகத்தின் வேலைகளைப் பங்கிடுபவர் கையில்தான் மாநிலக் குடியரசுக் கட்சியின் கடிவாளமும் இருந்தது. அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க அக்கட்சி கூட்டிய 1880 சிகாகோ மாநாட்டில், நியூயார்க் பிரதிநிதிகள் ஒட்டுமொத்தமாக முன்னாள் அதிபர் கிராண்ட்டுக்கே வாக்களிக்க வேண்டும் என்ற செனட்டர் ராஸ்கோ காங்க்ளிங்கின் கட்டளையை மீறியவர் ராபர்ட்சன். அவரையே அதிபர் கார்ஃபீல்டு மறு ஆண்டு மார்ச்சில் கலெக்டர் பதவிக்கு முன்மொழிந்ததும் மூண்ட பூசலில், காங்க்ளிங்கும் நியூயார்க்கின் இன்னொரு செனட்டரான தாமஸ் பிளாட்டும் மே 16 அன்று செனட்டிலிருந்தே விலகினார்கள். இரண்டே நாளில் செனட் நியமனத்துக்கு ஒப்புதல் அளித்தது. மாநிலச் சட்டமன்றம் தங்களை மீண்டும் தேர்ந்தெடுத்து அனுப்பும் என்று அவர்கள் போட்ட கணக்கும் பொய்த்தது. ஜூலையில் சுடப்பட்ட கார்ஃபீல்டு செப்டம்பரில் இறந்தார். அடுத்து அதிபரான செஸ்டர் ஆர்தர் காங்க்ளிங்கின் அணியைச் சேர்ந்தவர், 1878 வரை இதே கலெக்டர் நாற்காலியில் இருந்து அதிபர் ஹேய்ஸால் அகற்றப்பட்டவர். அவரும் ராபர்ட்சனை நீக்கவில்லை.

இந்தப் பூசலின் சாயல்கூடப் பதிவில் இல்லை. ஆண்டுகளையும் பதவிகளையும் சரிபார்க்க இத்தளத்தைத் தயங்காமல் நம்பலாம்; 1881 மே மாதத்தை அறிய விரும்புபவர்கள் அன்றைய நாளேடுகளைத்தான் புரட்ட வேண்டும்.