ஆட்டோமேட்டிக் காரில் ‘மோடு லாக்’ என்று சொல்லி 18,500 ரூபாய் பறிக்கிறார்கள், உஷார்!

தஞ்சை, கும்பகோணம், மன்னார்குடி பக்கம் புதிதாக ஆட்டோமேட்டிக் கார் எடுத்தவர்கள் தயவுசெய்து கடைசிவரை படியுங்கள். டிரைவ் மோடை, அதாவது வண்டி ஓடும் விதத்தை, இன்ஜினை அணைத்தாலும் மாறாதபடி சாஃப்ட்வேரிலேயே மாற்றித் தருகிறோம் என்று ஒரு கார் டெக்கர் கடையில் என்னிடம் 18,500 ரூபாய் வாங்கிவிட்டார்கள். சாஃப்ட்வேரை அவர்கள் தொடவே இல்லை.

வண்டி டிரை கிளட்ச் டி.சி.டி., அதாவது இரண்டு கிளட்ச் வைத்த ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ். எகோ, நார்மல், ஸ்போர்ட் என்று மூன்று மோடு. எகோவில் லேசாக மிதித்தால் ஒரு கணம் தயங்கித்தான் நகரும். ஸ்போர்ட்டில் ஓட்டிவிட்டு இன்ஜினை அணைத்துத் திரும்ப ஸ்டார்ட் செய்தால் நார்மலில் வந்து நிற்கும். இரண்டுமே கோளாறு இல்லை. எகோவில் பெடலுக்கு இன்ஜின் தரும் பதிலை மந்தமாக்கி, கியரையும் சீக்கிரம் ஏற்றிவிடுவார்கள். பெட்ரோல் மிச்சமாகட்டும் என்றுதான். மோடு தானாகத் திரும்புவதும் பல கார்களில் கம்பெனியே வைத்த ஏற்பாடு. டெலிவரி கொடுத்த ஷோரூம் ஆள் இதைச் சொல்லியிருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். அவர் சொன்னது: “நமக்குத் தெரிஞ்ச கடை ஒண்ணு இருக்கு சார். ஈ.சி.யூல ஏத்தி மோடை லாக் பண்ணிக் குடுத்துடுவாங்க.” ஈ.சி.யூ என்பது இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்.

கடையில் மேசை மேல் லேப்டாப் திறந்திருந்தது. அதைக் காட்டித்தான் 18,500 என்று ரேட் சொன்னார்கள். அந்த லேப்டாப் காருக்குள் வரவே இல்லை. ஸ்டியரிங்குக்குக் கீழே, ஸ்கேனரும் லேப்டாப்பும் மாட்டுகிற ஓ.பி.டி. சாக்கெட்டில் ஒரு வயரும் சொருகப்படவில்லை. ஒரு பையன் குனிந்து, ஆக்சிலரேட்டர் பெடல் தலைப்பில் இருக்கும் கனெக்டரைக் கழற்றி, இடையில் தீப்பெட்டி அளவில் ஒரு கறுப்புப் பெட்டியைச் சொருகினான். டபுள் சைடு டேப்பில் ஒரு சின்ன டிஸ்ப்ளேயும் ஒட்டினான். பிறகு ஆற்றங்கரை ரோட்டில் ஓட்டிப் பார்க்கச் சொன்னார்கள். கால் பட்டதும் வண்டி பாய்ந்தது. “பாத்தீங்களா சார், இதான் ஈ.சி.யூ வேலை” என்றார் கடைக்காரர். அந்த ஒரு பாய்ச்சலை நம்பித்தான் 18,500 ரூபாயும் யு.பி.ஐ.யில் போனது.

அந்தப் பெட்டி செய்வது இவ்வளவுதான். நீங்கள் பெடலை 10 சதவீதம் மிதித்தால் ஈ.சி.யூவிடம் 25 என்று பொய் சொல்லும். இன்ஜினுக்கு ஒரு குதிரைத்திறன்கூட அதிகமாகாது. முழுசாக மிதித்துப் பாருங்கள், பெட்டி இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரே வேகம்தான். மோடும் லாக் ஆகாது. ஸ்டார்ட் செய்ததும் பழையபடி நார்மல்தான்.

கெடுதல் அதற்குப் பிறகுதான். கியர்பாக்ஸும் அந்தப் பொய்க் கணக்கை நம்புகிறது. நெல் மூட்டை ஏற்றிய டிராக்டருக்குப் பின்னால் ஊர்ந்து போகும்போது தேவையில்லாமல் கியரை இறக்கும், கிளட்சை வழுக்க விடும், ஒன்றிலிருந்து இரண்டுக்குப் போகும்போது உலுக்கும். டிரை கிளட்சுக்கு எண்ணெய்க் குளிர்ச்சி கிடையாது, சூடு சீக்கிரம் ஏறிவிடும். ரயில்வே மேம்பால ஏற்றத்தில் வரிசையில் நிற்கும்போது கிளட்ச் சூடு எச்சரிக்கை வந்துவிட்டது. ரோட்டில் நெல் காயப்போட்ட இடங்களில் லேசாக மிதித்தாலே முன் சக்கரம் வழுக்குகிறது. பக்கத்தில் நெல் கிளறிக்கொண்டு பெண்கள் நிற்கிற ரோடு அது, இதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது.

கடைசியில் இன்ஜின் விளக்கு எரிந்து வண்டி இழுவையே இல்லாமல் போனது. சர்வீஸ் சென்டர் ஸ்கேனரில் பி2138 என்ற பிழைக் குறியீடு. பெடலுக்குள் இரண்டு சென்சார் தடங்கள் உண்டு. ஒன்றின் வோல்டேஜ் மற்றதோடு பொருந்தாவிட்டால் ஈ.சி.யூ பாதுகாப்புக்காகச் சக்தியைக் குறைத்துவிடும். சொருகிய கனெக்டரின் பின் தளர்ந்திருந்தது. பெட்டியைக் கழற்றி நேராக மாட்டியதும் அந்தக் குறியீடு போய்விட்டது. ஆனால் ஜாப் கார்டில் ‘வெளி வேலை செய்யப்பட்டுள்ளது’ என்று எழுதிவிட்டார்கள். நாளைக்குக் கிளட்ச் போனால் வாரண்டிக்கு யார் பதில் சொல்வது?

கடையில் கேட்டால், “500 கிலோமீட்டர் ஓடட்டும் சார், வண்டி கத்துக்கும்.” பெட்டியைக் கொண்டுபோய் வைத்தால், “டெக்னீஷியன் திருச்சி போயிருக்கார்.” 18,500 ரூபாயைத் திருப்பிக் கேட்டால், “எலக்ட்ரானிக் ஐட்டம் ரிட்டர்ன் கிடையாதுங்க, பில்லுலயே போட்டிருக்கே.” பில்லில் ‘அக்சஸரீஸ் 18,500’ என்பதற்கு மேல் ஒரு சொல் இல்லை. ஜி.எஸ்.டி. எண்ணும் இல்லை. ஷோரூமிலோ, “நாங்க எந்தக் கடைக்கும் ஆள் அனுப்புறதில்லையே சார்.” அனுப்பிய அதே ஆள், முகத்தைப் பார்த்தே சொல்கிறார்!

விவரமாக எழுதத்தான் நினைத்தேன், ஆத்திரத்தில் கை ஓடவில்லை. இதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். பெடல் கனெக்டரில் கை வைக்கிறவன் ஈ.சி.யூவைத் தொடவில்லை, அங்கேயே நிறுத்துங்கள். உலுக்கல் இருந்தால் சர்வீஸ் சென்டரில் ஸ்கேனர் மாட்டி கிளட்ச் அடாப்டேஷன் (கிளட்ச் பிடிக்கும் இடத்தைக் கியர்பாக்ஸ் திரும்பக் கற்றுக்கொள்வது) பார்க்கச் சொல்லுங்கள். நெரிசலில் அங்குலம் அங்குலமாக நகராமல் இடைவெளி விட்டு நகருங்கள். ஏற்றத்தில் பிரேக்கில் நில்லுங்கள், ஆக்சிலரேட்டரில் தாங்காதீர்கள். சூடு எச்சரிக்கை வந்தால் ஓரம் கட்டி, பி-யில் (பார்க்கிங்) போட்டு, இன்ஜினை ஓடவிட்டே ஆறவிடுங்கள். பொருளின் பெயரும் ஜி.எஸ்.டி. எண்ணும் இல்லாத பில்லுக்குப் பணம் கொடுக்காதீர்கள். ஏமாந்தவர்கள் யாராவது இருந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் போடுங்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் வரையிலான புகாருக்குக் கட்டணமே இல்லை, 2 வருஷத்துக்குள் கொடுக்க வேண்டும். என் 18,500-க்கு நான் புகார் கொடுக்கப் போகிறேன்.