முதல் ஹோம்பர்க் தொப்பி: அமெரிக்காவிலிருந்தா, இங்கிலாந்திலிருந்தா, ஐரோப்பாக் கண்டத்திலிருந்தா?

பழைய ஹோம்பர்க் தொப்பி ஒன்றை வாங்கிச் சேகரிப்பைத் தொடங்க நினைப்பவர் முன்னால் மூன்று வழிகள் இருக்கின்றன. 1940களிலும் 50களிலும் அமெரிக்கத் தொழிற்சாலைகளில் செய்யப்பட்டது ஒன்று. லண்டன் கடையின் பெயரைத் தாங்கி வரும் ஆங்கிலத் தொப்பி இன்னொன்று. வியன்னா, இன்றைய செக் நாட்டின் மொராவியா, வட இத்தாலி ஆகிய இடங்களில் பிறந்தது மூன்றாவது. மூன்றுக்கும் பெயர் ஒன்றுதான் என்றாலும், கையில் எடுத்துப் பார்த்தால் எடை, விறைப்பு, மேற்பரப்பு எல்லாமே வேறுபடும். முதல் தொப்பி அமெரிக்கத் தொப்பியாக இருப்பதே நல்லது என்பது என் கருத்து. அதன் வயதை அதன் உள்ளே பார்த்தே அறிந்துகொள்ளலாம் என்பதுதான் காரணம். அழகில் அது முதலிடம் பெறாது என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

ஜெர்மனியின் ஹெஸ்ஸன் பகுதியில் மருத்துவ நீரூற்றுகளுக்குப் பேர்போன ஹோம்பர்க் நகரத்தின் பெயர்தான் தொப்பிக்கு வந்தது. அப்போது பிரிட்டனின் இளவரசராக இருந்து பின்னர் ஏழாம் எட்வர்டாக முடிசூடியவர் 1880களில் அங்கே ஓய்வுக்குச் சென்றபோது மோக்கல் என்ற தொப்பி செய்பவரின் சரக்கை விரும்பி அணிந்ததும், அவர் தலையில் கண்டதை ஐரோப்பாவே பின்பற்றியதும் பலரும் அறிந்த கதை. வடிவம் எளிது: உச்சியில் முன்பின்னாக வாய்க்கால்போல ஓடும் ஒற்றைப் பள்ளம், முன்பக்கத்தில் விரல் அழுத்திய குழிகள் கிடையாது, விளிம்பு தாம்பாளத்தின் ஓரம்போலச் சுற்றிலும் மேல்நோக்கிச் சுருண்டிருக்கும், அந்த ஓரத்தை ரிப்பன் மடித்துத் தைத்து மூடியிருப்பார்கள். முன்பக்கத்தில் இருபுறமும் குழியுள்ள ஃபெடோரா தொப்பியின் விளிம்பை முன்னால் கீழே இறக்கிவிடலாம், ஹோம்பர்க்கின் விளிம்பை இறக்க முடியாது.

இந்த வேறுபாட்டை நான் காசு கொடுத்துத்தான் கற்றேன். இணைய ஏலத்தில் ஹோம்பர்க் என்று சொல்லி விற்கப்பட்ட சாம்பல் நிறத் தொப்பி ஒன்று வந்து சேர்ந்தபோது, பள்ளமும் சரியாக இருந்தது, விளிம்பும் ஓரளவு சுருண்டிருந்தது. தூசி போகட்டும் என்று கெண்டியின் ஆவியில் அரை நிமிடம் காட்டியதும், முன்பக்கத்தில் இருபுறமும் இரண்டு மங்கலான குழிகள் தாமாகவே எழுந்து வந்தன. யாரோ ஒரு ஃபெடோராவை நனைத்து, குழியை நீவிவிட்டு, விளிம்பை வளைத்திருக்கிறார்கள். ரோமத்தை அழுத்திச் செய்யும் ஃபெல்ட் துணி தன் பழைய மடிப்பை எளிதில் மறப்பதில்லை. விளிம்பின் சுருள் அச்சில் வைத்து உருவாக்கப்பட்டதா, கையால் வளைக்கப்பட்டதா என்பதைப் பக்கவாட்டுப் படம் இல்லாமல் தீர்மானிக்க முடியாது. அந்தப் படத்தைத் தர மறுக்கும் விற்பனையாளரிடம் இப்போது நான் வாங்குவதில்லை.

அமெரிக்கத் தொப்பிக்கு வருவோம். 1953 ஜனவரி 20 அன்று ஐசனோவர் குடியரசுத் தலைவராகப் பதவியேற்றபோது, வழக்கமான உயர்ந்த பட்டுத் தொப்பியை விட்டுவிட்டு ஹோம்பர்க் அணிந்தார்; பதவி விலகும் ட்ரூமனும் அதையே அணிய வேண்டியதாயிற்று. 1961இல் கென்னடி மறுபடியும் பட்டுத் தொப்பிக்குத் திரும்பினார். இந்த இடைப்பட்ட எட்டு ஆண்டுகளைச் சேர்ந்த ஹோம்பர்க்குகள் அமெரிக்கச் சந்தையில் இன்றும் தாராளமாகக் கிடைப்பதால் விலையும் ஓரளவு கட்டுக்குள் இருக்கிறது. ஆனால் எனக்கு விலையைவிட முக்கியமாகப் படுவது, நெற்றியைத் தொடும் உள்தோல் பட்டையைத் திருப்பினால் அடியில் தெரியும் காகிதத் துண்டுகள்தான்.

என்னிடம் உள்ள கரும்பழுப்பு நிறத் தொப்பி ஒன்றில் அந்தத் தோலை நகத்தால் மெல்லப் பிரித்தபோது, பின்பக்கத் தையலுக்கருகில் தபால்தலை அளவுக்குச் சிறிய, மஞ்சளித்துப்போன சங்கச் சீட்டு ஒன்று இருந்தது. அமெரிக்கத் தொப்பித் தொழிலாளர் சங்கம் 1934இல் துணித்தொப்பி, பெண்கள் தொப்பி செய்வோரின் சங்கத்தோடு இணைந்து பெயரை மாற்றிக்கொண்டது. ஆகவே சீட்டில் பழைய பெயர் இருந்தால் தொப்பி 1934ஐ ஒட்டியோ அதற்கு முன்போ செய்யப்பட்டது, கூட்டுப் பெயர் இருந்தால் அதற்குப் பிந்தியது. எல்லாத் தொப்பியிலும் சீட்டு இருக்காது என்பது உண்மை. ஆனால் இருக்கும்போது அது பேசுவதுபோல விற்பனையாளரின் விளக்கம் பேசாது. ஸ்டெட்சன் நிறுவனத்தின் தொப்பி என்றால் இன்னொரு குறிப்பும் உதவும்: அந்நிறுவனத்தின் பிலடெல்பியா தொழிற்சாலை 1971இல் மூடப்பட்டது.

டாப்ஸா, நாக்ஸா என்று தலையை உடைத்துக்கொள்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். கடை அலமாரியில் எதிரெதிராக நின்ற இந்த இரண்டு நியூயார்க் பெயர்களும் 1932 முதல் ஒரே கூட்டு நிறுவனத்தின் கீழ் இருந்தவை. அதற்குப் பிந்திய தொப்பிகளில் இரண்டுக்கும் இடையே தரப் போட்டி நடத்துவது வீண். பெயரைவிடத் தோலில் அச்சிட்டிருக்கும் எண்ணைக் கவனியுங்கள்: டாப்ஸ் ட்வென்டி, ஸ்டெட்சன் ட்வென்டி ஃபைவ் போன்ற பெயர்கள் அக்கால டாலர் விலையைக் குறித்தவை. எண் ஏற ஏற ரோமத்தின் தரமும் ஏறும். மலிவானதில் முயல் ரோமம் மிகுந்திருக்கும், உயர்ந்ததில் பீவர் என்ற நீர்வாழ் விலங்கின் ரோமத்தின் பங்கு கூடியிருக்கும். அமெரிக்கத் தொப்பியின் குறை அதன் உருவத்தில் இருக்கிறது. உச்சி சற்று உயரமாகவும், ரிப்பன் அகலமாகவும், விளிம்பின் சுருள் அடக்கமாகவும் இருப்பதால், வங்கி மேலாளரின் தலையிலிருந்து இறங்கி வந்ததுபோலத் தோன்றும்.

ஆங்கிலத் தொப்பியைப் பற்றிப் பேசுபவர்கள் அந்தோணி ஈடனின் பெயரைச் சொல்லாமல் விடுவதில்லை. 1935 இறுதியில் பிரிட்டனின் வெளியுறவு அமைச்சரான ஈடன் அணிந்த, பட்டு ஓரம் தைத்த கறுப்பு ஹோம்பர்க்கை லண்டன் கடைகளே அவர் பெயரால் அழைத்தன. ஆங்கிலத் தொப்பி மற்ற இரண்டையும்விட விறைப்பானது, விரலால் தட்டினால் அட்டையைத் தட்டியதுபோல ஒலிக்கும். தலையில் வைத்தால் நிமிர்ந்து நிற்பது அதன் பெருமை. கீழே விழுந்து விளிம்பில் ஒரு விரிசல் விட்டுவிட்டால் பிறகு சீராக்க வழி இல்லை என்பது அதன் சாபம். மென்மையான ஃபெல்ட்டை ஆவியில் காட்டி நேராக்கலாம், அரக்கு ஊட்டி இறுக்கியதை அப்படி நேராக்க முடியாது.

இதில் வயதறிவதும் கடினம். லண்டன் செயின்ட் ஜேம்ஸ் தெருவில் 1676 முதல் நடக்கும் லாக் கடையின் பெயர் உள்ளே இருந்தால் பலர் கண்ணை மூடிக்கொண்டு வாங்குகிறார்கள். கடையின் பெயர் வேறு, செய்தவரின் பெயர் வேறு என்பதை மறந்துவிடுகிறார்கள். உருண்டை உச்சியுள்ள விறைப்பான பவுலர் தொப்பியையே 1849இல் லாக் கடை சவுத்வார்க்கைச் சேர்ந்த பவுலர் சகோதரர்களிடம் கொடுத்துத்தான் செய்வித்தது. ஆங்கில ஃபெல்ட் தொப்பித் தொழிலின் உண்மையான ஊர்களில் ஒன்று மான்செஸ்டருக்கு அருகிலுள்ள ஸ்டாக்போர்ட். பேட்டர்ஸ்பி, கிறிஸ்டிஸ் போன்றோர் அங்கேதான் தொப்பி செய்தார்கள். உள்தோலில் அரசவை அங்கீகாரம், அதாவது அரச குடும்பத்துக்குச் சரக்கு வழங்குபவர் என்ற முத்திரை, அச்சிடப்பட்டிருந்தால் அது அரசருக்கா அரசிக்கா என்று பாருங்கள். அரசருக்கு என்றால் பெரும்பாலும் 1952க்கு முந்தியது. நம்பகமான குறிப்பு என்று எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்.

என் மனம் சாய்வது மூன்றாவது வகையின் பக்கம். வியன்னாவின் ஹாபிக், மொராவியாவின் ஹியூக்கல், இத்தாலியின் அலெஸ்ஸாண்ட்ரியாவில் 1857 முதல் இயங்கிவந்த போர்சலீனோ ஆகியோரின் தொப்பிகளில் சுருள் ஆழமானது, உச்சி தாழ்வானது, ஃபெல்ட் எடையற்றது. ஹியூக்கலின் வெலூர் வகையை ஒருமுறை தொட்டுப்பார்த்தவர் அமெரிக்கத் தொப்பியை அதே கண்ணால் பார்க்க மாட்டார். ரோமத்தை நீளமாக எழுப்பிவிட்டிருப்பதால் கையை ஒரு திசையில் ஓட்டினால் கறுப்பாகவும், எதிர்த்திசையில் ஓட்டினால் நள்ளிரவு நீலமாகவும் தெரியும். நாய்க்குட்டியின் முதுகைத் தடவுவதுபோல இருக்கும் என்று என் மனைவி சொன்னதைவிடச் சரியாக எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

ஆனால் அதே நீள ரோமத்துக்குள்தான் அந்துப்பூச்சியின் கடி ஒளிந்திருக்கும். பகலில் குறையற்றதாகத் தெரிந்த ஒரு வெலூர் தொப்பியின் உள்ளே இரவில் சிறு விளக்கைப் பிடித்தபோது, உச்சிப் பள்ளம் நெடுக ஊசிமுனை வெளிச்சங்கள் பதினொன்றை எண்ணினேன். இந்த வகையை நேரில் பார்க்காமல் வாங்குபவர் விளக்குப் படத்தைக் கட்டாயம் கேட்க வேண்டும்.

வயதைப் பொறுத்தவரை, இங்கே அலங்கார எழுத்துகளே வலைவிரிக்கும். போர்சலீனோவின் உள்துணியில் பாரிஸ் 1900 என்று இருப்பது அவ்வாண்டு பாரிஸ் உலகக் கண்காட்சியில் பெற்ற பெரும்பரிசின் நினைவு. அதைத் தொப்பியின் பிறந்த ஆண்டாகப் படித்து விலையேற்றுபவர்களை இன்னும் பார்க்கிறேன். போர்சலீனோவின் கறுப்பு ஹோம்பர்க்குகளை மரபுவழி யூத மதகுருமார்கள் இன்றும் அணிவதால், சில பத்தாண்டுகளுக்கு முன் செய்யப்பட்டதையும் 1930களின் தொப்பி என்று விற்கிறார்கள். மாறாக, ஊரின் பெயர் பெரும்பாலும் பொய் சொல்லாது. ஹியூக்கலின் ஊரை ஜெர்மானியர்கள் நொய்டிட்ஷைன் என்றும் செக் மக்கள் நோவி யிச்சீன் என்றும் அழைத்தார்கள். 1945இல் ஆலை அரசுடைமையாகி, ஜெர்மானிய மக்களும் வெளியேற்றப்பட்டனர். எனவே உள்தோலில் நொய்டிட்ஷைன் என்ற பெயரும் ஹியூக்கலின் முத்திரையும் சேர்ந்திருந்தால் போருக்குப் பிந்தியதாக இருக்க வாய்ப்பில்லை. அமெரிக்கச் சங்கச் சீட்டுக்கு இணையான சான்று இந்தப் பக்கத்தில் இது ஒன்றுதான்.

அளவில் மூன்றும் மூன்று மொழி பேசும். 58 சென்டிமீட்டர் தலைக்கு அமெரிக்க எண் 7¼, ஆங்கில எண் 7⅛, கண்டத்தில் வெறும் 58. அமெரிக்கத் தொப்பியின் 7⅛ஐ ஆங்கில எண்ணாக நினைத்து வாங்கினால் 58க்குப் பதில் 57 வந்து சேரும். அந்த ஒரு சென்டிமீட்டர் நெற்றியில் சிவந்த கோடாகத் தெரியும். தோல் காய்ந்து சுருங்கியும் இருக்கலாம் என்பதால் அச்சிட்ட எண்ணை நம்பாமல் உள்ளே நாடா வைத்து அளந்த அளவையே கேட்க வேண்டும்.

உள்தோல் விரலில் தூளாக ஒட்டினால், எந்த நாட்டுத் தொப்பியானாலும் விட்டுவிடுங்கள். தோலை மாற்றலாம்தான், ஆனால் வயதைச் சொல்லும் அச்சும் அதோடு போய்விடும். இன்னொரு எச்சரிக்கை: ரோமத்தைப் பதப்படுத்தப் பாதரசக் கலவையைப் பயன்படுத்துவது அமெரிக்காவில் 1941 டிசம்பரில்தான் தடை செய்யப்பட்டது. அதற்கு முந்திய தொப்பியை மூடிய அறையில் ஆவி காட்டுவதோ, நாள் முழுக்க அணிவதோ வேண்டாம். எந்தத் தொப்பியையும் விளிம்பில் நிற்கும்படி வைக்காமல், தலைகீழாகத் திருப்பி உச்சியில் நிற்கும்படி வையுங்கள்; விளிம்பு தரையில் பட்டு நின்றால் சுருள் ஓராண்டில் தட்டையாகிவிடும்.

ஆகவே வரிசை இப்படி: முதலில் சங்கச் சீட்டோடு ஓர் 1950களின் அமெரிக்கச் சாம்பல் நிறத் தொப்பி. கை பழகிய பிறகு நொய்டிட்ஷைன் வெலூர். ஆங்கிலத் தொப்பியை நேரில் தலையில் வைத்துப் பார்க்க வாய்ப்புக் கிடைக்கும்போது மட்டும். நான் இந்த வரிசையைத் தலைகீழாகக் கடைப்பிடித்தேன். விளிம்பில் விரிசல் விட்ட கறுப்பு ஆங்கிலத் தொப்பி ஒன்று இன்னும் என் அலமாரியின் மேல்தட்டில் இருக்கிறது.