பதின்ம வயதினருக்கான அரசின் உடல்நல, விளையாட்டுச் சேவைகள்: ஒரு பெற்றோரின் மதிப்பீடு

பத்து வயது முதல் பதினெட்டு வயது வரையுள்ள பிள்ளைகளுக்குத் தமிழ்நாட்டில் அரசு வழங்கும் உடல்நலப் பரிசோதனை, உடற்கல்வி, விளையாட்டு உபகரணம், பயிற்சி ஆகிய சேவைகளைப் பெற்றோர் என்ற முறையிலும், ஊரில் பெண் பிள்ளைகளுக்கான கபடிக் குழு ஒன்றுக்குத் துணைநிற்பவர் என்ற முறையிலும் தொடர்ந்து பயன்படுத்தி வருகிறேன். இவற்றைத் தனித்தனியே மதிப்பிட்டால் பெரும்பாலானவை நல்ல மதிப்பெண் பெறும். ஆனால் ஒரே பிள்ளைக்காக ஒன்றிய அரசும் மாநில அரசும் உள்ளாட்சியும் செய்யும் வேலைகள் அந்தப் பிள்ளையிடம் வந்து சேரும் இடத்தில் ஒன்றோடொன்று இணைவதில்லை. இந்த மதிப்பீட்டில் நான் சொல்ல வந்த முதன்மையான குறை அதுதான்.

யாருக்கு எது பொறுப்பு என்பதை முதலில் தெரிந்துகொள்வது பயன்படுத்துவோருக்கு உதவும். ஒன்றிய, மாநில அரசுகளின் அதிகாரங்களைப் பிரித்துக் காட்டும் அரசமைப்புச் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில் விளையாட்டு மாநிலப் பட்டியலின் 33ஆம் பதிவிலும், பொதுச் சுகாதாரமும் மருத்துவமனைகளும் அதே பட்டியலின் 6ஆம் பதிவிலும் உள்ளன. கல்வி 1976ஆம் ஆண்டின் 42ஆம் திருத்தத்தால் இரு அரசுகளும் சட்டமியற்றக்கூடிய பொதுப் பட்டியலுக்குச் சென்றது. நகராட்சிகளுக்கான பன்னிரண்டாம் அட்டவணையில் பூங்காவும் விளையாட்டுத் திடலும் பெயர் சொல்லிக் குறிப்பிடப்பட்டிருக்க, ஊராட்சிகளுக்கான பதினொன்றாம் அட்டவணையின் 29 பொருள்களில் சுகாதாரமும் ஆரம்ப சுகாதார நிலையமும் பண்பாட்டு நடவடிக்கைகளும் இருக்கின்றனவே தவிர, விளையாட்டு இல்லை. மைதானம் என்பது நகரத்துப் பிள்ளைக்கு உள்ளாட்சியின் கடமையாகவும் கிராமத்துப் பிள்ளைக்கு யாரேனும் ஒருவர் மனம் வைத்தால் நடக்கும் காரியமாகவும் இருப்பதற்கு இந்த வேறுபாடும் ஒரு காரணம் என்றே நான் கருதுகிறேன்.

இந்தச் சேவைகளில் நான் மிக உயர்வாக மதிப்பது பள்ளிக்கே வரும் நடமாடும் மருத்துவக் குழுவைத்தான். ஆர்.பி.எஸ்.கே. (ராஷ்ட்ரிய பால சுவாஸ்திய காரியக்ரம்) என்று சுருக்கமாக அழைக்கப்படும் இத்திட்டம் 2013இல் தேசிய அளவில் தொடங்கப்பட்டது. பிறப்பு முதல் 18 வயது வரையுள்ளவர்களிடம் பிறவிக் குறைபாடு, நோய், ஊட்டச்சத்துக் குறைபாடு, வளர்ச்சித் தாமதம் ஆகியவற்றைக் கண்டறிவது அதன் நோக்கம். அங்கன்வாடிகளுக்கு ஆண்டில் இருமுறையும் அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளுக்கு ஆண்டில் ஒருமுறையும் குழு வரவேண்டும் என்பது விதி. தேசிய நலவாழ்வு இயக்கத்தின் கீழ் வருவதால் செலவில் 60 விழுக்காட்டை ஒன்றிய அரசும் 40 விழுக்காட்டை மாநில அரசும் ஏற்கின்றன. உயரம், எடை, கண் பார்வை, பல், தோல், இதயத் துடிப்பு என ஒவ்வொரு பிள்ளையையும் வரிசையில் நிறுத்திப் பார்க்கும் இந்தப் பரிசோதனைக்குத் தனியார் மருத்துவமனையில் எவ்வளவு கொடுக்க வேண்டியிருக்கும் என்பதைப் பெற்றோர் அறிவர். மேல்சிகிச்சை தேவைப்படுவோரை மாவட்ட அளவிலான இடையீட்டு மையத்துக்கு அனுப்பும் ஏற்பாடும் இதனுள்ளேயே இருக்கிறது.

குறை அடுத்த கட்டத்தில் தொடங்குகிறது. எங்கள் குழுவில் ஆடும் பெண் ஒருத்திக்கு இரத்தசோகை இருப்பது பள்ளிப் பரிசோதனையில் தெரியவந்தது. அவளுக்கு மாத்திரையும் தரப்பட்டது. ஆனால் அந்தத் தகவல் அவளுக்கு ஓட்டமும் பிடியும் கற்றுத்தந்த பயிற்றுநரை அடையவே இல்லை. மூச்சு வாங்கி உட்கார்ந்தவளைச் சோம்பல் என்று எண்ணி இன்னும் இரண்டு சுற்று ஓடச் சொன்னார்கள். யாருடைய மனத்திலும் தீங்கு இல்லை. மருத்துவக் குழுவின் பதிவேடு சுகாதாரத் துறையிடம் இருக்கிறது, மாணவியின் வருகைப் பதிவு கல்வித் துறையிடம் இருக்கிறது, பயிற்சிப் பட்டியல் விளையாட்டுத் துறையிடம் இருக்கிறது, அவ்வளவுதான். 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருக்கிறது என்னும்போது, ஒரு மகளிர் அணியைத் தேர்வு செய்பவர் கையில் முதலில் இருக்க வேண்டிய தகவல் இதுவே. பள்ளிகளில் வாரம்தோறும் தரப்படும் இரும்புச்சத்து, ஃபோலிக் அமில மாத்திரையை விழுங்காமல் வீசிவிடும் பிள்ளைகளிடம், அதை விழுங்கினால்தான் இரண்டாம் பாதி ஆட்டத்தில் கால் தளராது என்று ஒரு பயிற்றுநர் சொன்னால் அதற்கு இருக்கும் வலிமை சுகாதாரச் சுவரொட்டிக்குக் கிடையாது.

உடற்கல்விப் பாடவேளையைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். ஐந்து முதல் பதினேழு வயது வரையுள்ளவர்களுக்கு நாள்தோறும் சராசரியாக 60 நிமிட உடல் இயக்கம் தேவை என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. பொதுத்தேர்வு வகுப்புகளில் அந்தப் பாடவேளை கணக்குக்கும் அறிவியலுக்கும் போய்விடுவதை எல்லோரும் அறிவோம். எஞ்சிய நேரத்திலும் உடற்கல்வி ஆசிரியரின் கவனம் குறுவட்டப் போட்டி, குடியரசு தின விளையாட்டுப் போட்டி ஆகியவற்றில் ஆடக்கூடிய சிலர்மீதே குவிகிறது. வேகமாக ஓடாத பிள்ளைக்கும் ஓடும் உரிமை உண்டு என்பதை நேர அட்டவணை தயாரிப்பவர்கள் மனத்தில் கொள்ள வேண்டும்.

ஊராட்சிகளுக்கு 2024 முதல் மாநில அரசு வழங்கிய கலைஞர் விளையாட்டு உபகரணத் தொகுப்பு ஒரு பொருளாகப் பார்த்தால் மனநிறைவு தருகிறது. கிரிக்கெட், கைப்பந்து, கால்பந்து உள்ளிட்ட ஆட்டங்களுக்கான 33 வகை உபகரணங்கள், 12,500க்கும் மேற்பட்ட ஊராட்சிகள் என்னும் அதன் வீச்சு பெரியது. எங்கள் பக்கத்தில் வந்த தொகுப்பின் பந்துகளும் வலையும் பள்ளிப் பிள்ளைகள் தினமும் ஆடுவதற்குத் தாங்கும் தரத்தில் இருந்தன. சொந்தமாகப் பந்து வாங்க வழியில்லாத பிள்ளைகள் நல்ல பந்தைத் தொட்டதே இதனால்தான் என்பதை நான் நன்றியோடு பதிவு செய்கிறேன். ஆனால் நான் அறிந்த ஓர் ஊராட்சியில் தொகுப்பு அலுவலக அறையிலேயே பூட்டப்பட்டிருந்தது. பிள்ளைகள் ஆட வரும் மாலை நேரத்தில் சாவி வைத்திருப்பவர் இருப்பதில்லை. கிழிந்த வலைக்குப் பதில் புதியதை யார் வாங்குவது என்று கேட்டதற்கும் தெளிவான விடை கிடைக்கவில்லை. 2019 டிசம்பரில் தேர்தல் நடந்த மாவட்டங்களில் ஊராட்சிப் பிரதிநிதிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிந்து நிர்வாகம் அரசு நியமித்த தனி அலுவலர்களிடம் சென்றபின், இத்தகைய சிறு கேள்விகளைத் தலைவர் வீட்டு வாசலில் நின்று கேட்கும் வாய்ப்பும் போயிற்று.

இதே பாதையில் முன்பே ஒரு முயற்சி நடந்திருப்பதால் எனக்கு இதில் அக்கறை அதிகம். 2008இல் ஒன்றிய அரசு கிராம ஊராட்சிகளில் மைதானம் அமைப்பதற்காக பைக்கா என்னும் திட்டத்தைத் தொடங்கி, சிறப்பு வகை மாநிலங்கள் அல்லாத பொதுவான மாநிலங்களில் மைதான மேம்பாட்டுச் செலவில் முக்கால் பங்கைத் தானே ஏற்றது. அதில் ஊருக்கு ஒரு தன்னார்வப் பயிற்றுநருக்குச் சிறு மதிப்பூதியமும் இருந்தது. 2014இல் அது வேறு பெயருக்கு மாறி, பின்னர் ஒன்றிய அரசின் கேலோ இந்தியா என்னும் விளையாட்டு மேம்பாட்டுத் திட்டத்துக்குள் அடங்கியது. திட்டத்தின் பெயர் மாறும்போதெல்லாம் அடிமட்டத்தில் இருந்த மைதானத்துக்கும் மனிதருக்கும் உரிமையாளர் இல்லாமல் போகிறார். பொருளோடு ஒரு மனிதரையும் சேர்த்துக் கொடுத்தது பழைய திட்டத்தின் சிறப்பு. தரமான பொருளை எல்லா ஊருக்கும் கொண்டுசேர்த்தது புதிய திட்டத்தின் சிறப்பு. இரண்டும் ஒரே காலத்தில் கிடைத்ததில்லை.

மேல்தட்டில் நிலைமை மிகவும் நன்றாக இருக்கிறது. 1992இல் உருவான தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் மாவட்ட விளையாட்டரங்குகள், விளையாட்டு விடுதிகள், முதலமைச்சர் கோப்பைப் போட்டிகள் ஆகியவை திறமையுள்ள பிள்ளைக்கு உண்மையான ஏணிகள். 2024 ஜனவரியில் சென்னை, மதுரை, திருச்சி, கோவை ஆகிய நகரங்களில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுப் போட்டிகளில் மகாராஷ்டிரத்துக்கு அடுத்ததாகத் தமிழ்நாடு இரண்டாம் இடம் பெற்றது வெறும் தற்செயல் அன்று. கேலோ இந்தியாவில் தேர்வு பெற்ற இளம் வீரருக்கு மாதம் 10,000 ரூபாய் கைச்செலவுத் தொகையும் உண்டு. மாவட்ட விளையாட்டு மற்றும் இளைஞர் நலன் அலுவலரை நேரில் சந்தித்துக் கேட்டால் பயிற்சி நேரம், விடுதித் தேர்வு நாள் முதலிய விவரங்கள் கிடைக்கும். பெற்றோர் தயங்க வேண்டியதில்லை. தொலைவுதான் தடை. மாலை ஐந்து மணிக்குப் பள்ளி விட்டு, பேருந்து பிடித்து மாவட்டத் தலைநகர் சென்று, இருட்டியபின் திரும்பி வரப் பெண் பிள்ளையை எத்தனை வீடுகளில் அனுப்புவார்கள்?

ஆகவே பயன்படுத்த எண்ணும் பெற்றோருக்கு என் பரிந்துரை இது. மருத்துவக் குழு பள்ளிக்கு வரும் நாளில் பிள்ளையைத் தவறாமல் அனுப்புங்கள். பரிசோதனை முடிவைக் கேட்டு வாங்கி, அதன் படியை உடற்கல்வி ஆசிரியரிடமும் பயிற்றுநரிடமும் நீங்களே கொடுங்கள். அரசுத் துறைகள் தமக்குள் பகிர்ந்துகொள்ளும் காலம் வரும்வரை அந்தக் காகிதத்தைச் சுமக்க வேறு ஆள் இல்லை. ஊராட்சியின் உபகரணத் தொகுப்பைப் பள்ளித் தலைமையாசிரியர், உடற்கல்வி ஆசிரியர், ஊர் இளைஞர் குழு ஆகியோர் கையெழுத்திட்டுப் பெறும் ஏற்பாட்டையும், வலைக்கும் பந்துக்கும் ஆண்டுதோறும் ஒரு சிறு தொகையையும் கிராம சபையில் தீர்மானமாகக் கோருங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு முறை கூட வேண்டிய அந்தச் சபையில் மைதானத்தைப் பற்றி ஒருவர் எழுந்து பேசினால் அது தீர்மானப் புத்தகத்தில் ஏற வேண்டும். ஏறியதா என்பதைக் கூட்டம் கலையும் முன் படித்துப் பாருங்கள்.