கீபோன் போய்க் கணினி வந்தது: பினாங்கு அலுவலகம் ஒன்றின் உள்வலைக் குரல் அழைப்பு அனுபவம்

ஜார்ஜ் டவுனின் லெபோ பாசார் பக்கத்தில் (பெரியவர்கள் வாயில் அது இன்றும் கடைத்தெருதான்) பழைய கடைவீடு ஒன்றின் மூன்று தளங்களில் எங்கள் கணக்கர் அலுவலகம் இயங்குகிறது. தளங்களுக்கிடையே பேச உதவிய கீபோன் பெட்டி 2023 கடைசியில் செயலிழந்தது, உதிரிப்பாகமும் கிடைக்கவில்லை. பதினொரு கணினிகளும் ஏற்கெனவே ஒரே வலையில் இருக்கும்போது இன்னொரு பெட்டிக்கு ஏன் செலவழிக்க வேண்டும் என்று முதலாளி கேட்டார். கணினிப் பொறுப்பு என்னுடையது என்பதால் வேலை என் தலையில் விழுந்தது.

முதலில் மம்பிள் மென்பொருளை இரண்டு வாரம் ஓட்டிப் பார்த்தோம். குரல் தெளிவிலும் தாமதமின்மையிலும் அதற்குக் குறை சொல்ல முடியாது. ஆனால் அது குழுவாக விளையாடுவோர் ஒரே அறையில் இருப்பதுபோல் பேசிக்கொள்வதற்குப் பொருந்திய கருவி. ஒருவரை மணியடித்து அழைக்கும் பழக்கம் அதில் இல்லை. அடுத்து, கணினியைத் தொலைபேசிபோல் பயன்படுத்த உதவும் மைக்ரோசிப் செயலியை ஒவ்வொரு கணினியிலும் நிறுவி, எதிர்க் கணினியின் ஐபி முகவரியை (வலையில் அதற்குரிய எண்ணை) தட்டி நேரடியாக அழைத்தோம். நடுவில் வழங்கி (சர்வர்) எதுவும் தேவைப்படாத அந்த எளிமை சில நாள்களே நீடித்தது. ரவுட்டர் முகவரிகளை மாற்றிக் கொடுத்தபோது அழைப்பு வேறொருவர் மேசைக்குப் போனது. நிறுவும்போது விண்டோஸ் தீச்சுவர் கேட்ட அனுமதியை 'ரத்து' என்று அழுத்திவிட்டவர்களுக்கு அழைப்பே வரவில்லை.

ஆகவே 2024 தொடக்கத்தில் ராஸ்பெரி பை 4 என்ற கையடக்கக் கணினி ஒன்றில், அழைப்புகளை இணைத்துவிடும் ஆஸ்டரிஸ்க் மென்பொருளின் 21ஆம் பதிப்பை நிறுவி, அதற்கு நிலையான முகவரி கொடுத்து, ஆளுக்கு 101 முதல் 111 வரை எண் வழங்கினேன். இதைச் செய்ய முனைவோர் ஒன்றை முன்கூட்டியே அறிந்துகொள்வது நல்லது. இணையத்தில் கிடைக்கும் பழைய வழிகாட்டிகள் பல, சிப்.கான்ஃப் என்ற அமைப்புக் கோப்பைத் திருத்தச் சொல்கின்றன. அதைப் படிக்கும் பழைய தொகுதி 21ஆம் பதிப்பில் நீக்கப்பட்டுவிட்டதால், எல்லாவற்றையும் பிஜேசிப்.கான்ஃப் கோப்பில்தான் எழுத வேண்டும். இது தெரியாமல் ஒரு முழு மாலையை இழந்தேன். தொடக்கத்தில் 101க்குக் கடவுச்சொல்லும் 101 என்றே வைத்திருந்த என் சோம்பலையும் இங்கே ஒப்புக்கொள்கிறேன். இப்போது அது மாறிவிட்டது, அழைப்புக் கோரிக்கைகள் வந்துசேரும் 5060ஆம் வாயிலும் (போர்ட்) இணையத்துக்குத் திறந்துவிடப்படவில்லை.

நாங்கள் எதிர்பாராத பெரிய சிக்கல் மணியோசைதான். ஹெட்செட்டைச் செருகியதும் விண்டோஸ் எல்லா ஒலியையும் அதற்கே அனுப்பிவிடும்; மேசைமேல் கிடக்கும் ஹெட்செட்டுக்குள் மணி அடித்து ஓய்ந்துவிடும். முதல் மாதத்தில் "கூப்பிட்டேனே, ஏன் எடுக்கவில்லை?" என்ற சண்டை தினமும் நடந்தது. மைக்ரோசிப் அமைப்புகளில் மணிக்கென ஒலிக்கருவியைத் தனியே தேர்ந்தெடுக்கலாம் என்று கண்டுபிடித்து, மணியைத் திரையின் ஒலிபெருக்கிக்கும் பேச்சை ஹெட்செட்டுக்கும் பிரித்துவிட்டேன். சண்டை பாதியாகக் குறைந்தது. மீதிப் பாதிக்குக் காரணம் உறக்க நிலை: கணினி உறங்கினால் அதன் எண்ணும் ஆஸ்டரிஸ்க்கின் பதிவிலிருந்து விழுந்துவிடும், அழைப்பு வராது. மின்கட்டணத்தை நினைத்து முதலாளி முகம் சுளித்தாலும், அலுவலக நேரத்தில் திரை மட்டும் அணையுமாறு மாற்றிக்கொண்டோம்.

வலை தாங்குமா என்ற கவலை வீண். குரலை எண்களாக மாற்றும் ஜி.711 முறையில் குரலுக்கு நொடிக்கு 64 கிலோபிட்; ஒவ்வொரு பொட்டலத்திலும் ஒட்டும் முகவரி முதலிய உறைத் தகவல்களையும் சேர்த்தால் ஈதர்நெட் கம்பியில் ஒரு திசைக்குச் சுமார் 87 கிலோபிட். பத்து அழைப்புகள் ஒரே நேரத்தில் நடந்தாலும் 100 மெகாபிட் கம்பியில் அது நூற்றில் ஒரு பங்கைக்கூடத் தொடாது. தொல்லை கொடுத்தது வைஃபைதான். குரல் நொடிக்கு ஐம்பது சிறு பொட்டலங்களாகச் செல்கிறது; கடைவீட்டின் தடித்த சுவர்களைத் தாண்டும்போது அவை முன்பின்னாக வந்து சேர, மேல்மாடியில் இருந்தவரின் பேச்சு பாதிப் பாதியாக உடைந்தது. ஜார்ஜ் டவுன் 2008இல் உலக மரபுடைமைப் பட்டியலில் சேர்ந்த பிறகு இத்தகைய கட்டடங்களில் கைவைக்க வீட்டுக்காரர்கள் தயங்குகிறார்கள். எங்கள் வீட்டுக்காரரும் சுவரைத் துளைக்க ஒப்பவில்லை. கடைசியில் வெளிச்சத்துக்காக நடுவில் விட்டிருக்கும் திறந்த முற்றத்தின் ஓரமாகக் கம்பியை மேலே இழுத்தோம். அன்றோடு உடைந்த பேச்சு நின்றது.

இணையம் துண்டிக்கப்படும் நாள்களில் இந்த அமைப்பு எதுவும் நடக்காததுபோல் வேலை செய்கிறது. மின்சாரம் போனால் அப்படியில்லை. இடிமழை நாள் ஒன்றில் மின்சாரம் சட்டென்று அறுந்ததில் ராஸ்பெரி பையின் எஸ்டி அட்டை கெட்டு, ஒருநாள் முழுவதும் மாடிப்படி ஏறி இறங்கினோம். இப்போது அது எஸ்எஸ்டியில் இயங்குகிறது, வலைக் கம்பிகளை இணைக்கும் சுவிட்சுடன் சேர்த்து யுபிஎஸ் ஒன்றும் உண்டு. இந்த எண்களிலிருந்து அவசர உதவி எண்ணான 999ஐ அழைக்க முடியாது என்பதால் முன்மேசையில் சாதாரணத் தொலைபேசி இணைப்பு ஒன்றை விட்டுவைத்திருக்கிறோம்.

வரவேற்பில் இருக்கும் அக்காவுக்கு மட்டும் ஹெட்செட் கடைசிவரை ஒத்துவரவில்லை. "தம்பி, கையில் எடுத்துப் பேசினால்தான் எனக்குப் பேசியதுபோல் இருக்கிறது" என்றார். சென்ற மாதம் அவருக்கு வலையில் நேரடியாக இணையும் ஓர் ஐபி தொலைபேசி வாங்கி, கணினிக்கும் அதற்கும் 101 என்ற ஒரே எண்ணைக் கொடுத்தேன். ஒன்றுதான் ஒலித்தது. ஓர் எண்ணில் பதிந்த எல்லாக் கருவிகளையும் ஒலிக்கவைக்க, ஆஸ்டரிஸ்க்கில் அழைப்பு எங்கே போக வேண்டும் என்று எழுதிவைக்கும் அழைப்புத் திட்டத்தில் 'பிஜேசிப் டயல் கான்டாக்ட்ஸ்' என்ற கட்டளையைச் சேர்க்க வேண்டியிருந்தது. இப்போது இரண்டும் ஒலிக்கின்றன. அக்கா எடுப்பது தொலைபேசியை மட்டுமே.