கிராக் விண்டோஸ் (திருட்டு காப்பி) போடும் கடைகளிடம் உஷார்: 2,83,000 ரூபாய் போச்சு

குமுளி, கம்பம், போடி பக்கம் வியாபாரத்துக்குக் கம்ப்யூட்டர் வைத்திருக்கும் எல்லோரும் இதைப் படித்துவிடுங்கள். என் பணம் 2,83,000 ரூபாய் போய்விட்டது. அத்தனையும் ஏலக்காய் விற்ற காசு.

கடையின் பெயரைப் போடவில்லை, புகார் நிலுவையில் இருக்கிறது. எல்லையோர ஊரில் இருக்கும் ஒரு கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை. மெஷின் மெதுவாகிவிட்டது என்று கொடுத்தேன். விண்டோஸ், ஆபீஸ், பில் போடும் சாஃப்ட்வேர் எல்லாம் சேர்த்து 1,500 ரூபாய் வாங்கினார். "ஒரிஜினல்தானே தம்பி?" என்று வாய்விட்டே கேட்டேன். "அண்ணே, உங்களுக்குப் போய் டூப்ளிகேட் போடுவேனா? கண்ண மூடிக்கிட்டு ஓட்டுங்க, நான் இருக்கேன்ல" என்றார். புத்தடி ஏலக்காய் ஏலத்துக்கு வருகிறவர்களில் பலர் அவரிடம்தான் மெஷின் கொடுக்கிறார்கள். டீ வாங்கிக் கொடுத்து, உட்கார வைத்து, என் கண் முன்னாலேயே எல்லாவற்றையும் போட்டார். நடுவில் ஆன்டிவைரஸ் சிவப்பாக ஏதோ காட்டியது. "அது சும்மா கத்தும்ணே" என்று அணைத்துவிட்டார்.

அப்புறம் நடந்தது இது. வடக்கே எனக்கு வழக்கமாகப் பணம் போடும் பார்ட்டிக்கு, என் மெயிலில் இருந்தே, என் லெட்டர்பேடிலேயே, வேறு வங்கிக் கணக்கு எண்ணோடு பில் போயிருக்கிறது. அவரும் 2,83,000 ரூபாயைப் போட்டுவிட்டார். அனுப்பிய மெயிலை என் பக்கம் அழித்திருக்கிறார்கள். அவர் எழுதும் பதில் என் கண்ணில் படாமல் நேராகக் குப்பைக்குப் போகும்படி ஒரு ஃபில்டரும் வைத்திருக்கிறார்கள். "பணம் வரலையே" என்று நான் கேட்டபோதுதான் எல்லாம் வெளியே வந்தது.

மதுரையில் கம்ப்யூட்டர் துறையில் இருக்கும் என் தங்கை மகன் வந்து பார்த்தான். லைசென்ஸ் இல்லாமல் சாஃப்ட்வேரைத் திறக்கப் போட்ட கிராக் ஃபைலோடு ஒரு பேக்டோர், அதாவது திருட்டுத்தனமாக உள்ளே வர ஒரு பின்வாசல், வந்திருக்கிறது. அந்த ஃபோல்டரைச் சோதிக்காதே என்று விண்டோஸோடு வரும் ஆன்டிவைரஸான விண்டோஸ் டிஃபெண்டரின் விலக்குப் பட்டியலில் வேறு சேர்த்து வைத்திருக்கிறார் அந்தத் தம்பி! மெஷின் ஆன் ஆகும்போதெல்லாம் அதுவும் தானாக ஓடும். வெளியே இருந்து யாரும் உடைத்துக்கொண்டு வர வேண்டியதில்லை. வீட்டுக்குள் ஒளிந்திருப்பவன் திருடனுக்குப் போன் போட்டு வரச் சொல்வது போல, நம் மெஷினே அவர்களுடைய சர்வரைக் கூப்பிடுகிறது. இணைப்பு உள்ளிருந்து கிளம்புவதால் ரவுட்டரும் தடுப்பதில்லை. அதன் பிறகு நம் திரை, நாம் அடிக்கும் பாஸ்வேர்ட், ஃபைல், கேமரா எல்லாம் அவர்கள் கையில். "இது புதுசே இல்ல மாமா, 1998லயே பேக் ஆரிஃபிஸ்னு இதே மாதிரி ஒரு சாஃப்ட்வேர் வந்துச்சு" என்கிறான். எங்கோ ஒருவன் உட்கார்ந்து என் மகளின் கல்யாணப் போட்டோ வரை பார்த்திருப்பான் என்று நினைத்தால் வயிறு எரிகிறது.

கடைக்காரரிடம் போனேன். "நீங்க ஏதாவது லிங்க்க அமுக்கியிருப்பீங்க" என்றார். மறுபடி போனால், "சாஃப்ட்வேருக்கு கேரண்டி கிடையாது" என்றார். இப்போது போனையே எடுப்பதில்லை. பணம் போட்டவர்தான் புகார் தர வேண்டும் என்றது வங்கி. அவர் தருவதற்குள் பணம் வேறு கணக்குகளுக்குத் தாவிவிட்டது. போலீசில், கடை கேரளாவில் இருக்கிறது, அங்கே போங்கள் என்றார்கள். அங்கே போனால், நீங்கள் தேனி மாவட்டம், உங்கள் ஊரில் கொடுங்கள் என்றார்கள். 2,83,000 ரூபாய்க்கு மலை ஏறி இறங்கியதுதான் மிச்சம்.

என்ன செய்யலாம் என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது பொறுமை இல்லை. கிராக் வேண்டவே வேண்டாம், ஆன்டிவைரஸை அணைக்கச் சொல்லும் கடையில் மெஷினைக் கொடுக்காதீர்கள். சந்தேகம் வந்தால் முதலில் நெட்டைப் பிடுங்குங்கள், பாஸ்வேர்டை வேறு மெஷினில் இருந்து மாற்றுங்கள். போலீஸ் பார்ப்பதற்குள் ஃபார்மட் செய்துவிடாதீர்கள், தடயம் போய்விடும். பணம் போனால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930க்குப் போன் போடுங்கள். எல்லையைக் காட்டித் திருப்பி அனுப்பினால், 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் (பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா), 173ஆம் பிரிவுப்படி எந்த ஸ்டேஷனிலும் புகார் வாங்க வேண்டும் என்று சொல்லுங்கள். எனக்கு இது தாமதமாகத்தான் தெரிய வந்தது.

இந்தப் பக்கம் சமீபத்தில் கடையில் விண்டோஸ் போட்டவர்கள் இன்றைக்கே அந்த விலக்குப் பட்டியலைத் திறந்து பாருங்கள். ஏதாவது இருந்தால் எனக்கு எழுதுங்கள், சேர்ந்து புகார் கொடுப்போம்.